வள்ளத்துக்கு வார்த்த தண்ணீர்

மெல்பேர்ணுக்குப் பக்கத்து வெரிபீயில் இன்று காலை நல்ல குளிர். பின்வளவுக்குப் போனேன். குழாயடியில் மனைவி நிமிர்த்தி வைத்திருந்த வாளியில் அரைவாசிக்குத் தண்ணீர் கிடந்தது. அதன் மேல் வட்டமாக ஐஸ் படிந்திருந்தது. ஓரத்தை விரலால் சுண்டினேன். கண்ணாடி வளையல்கள் உரசுவது போல ஒரு சத்தம். மெதுவாகக் கழற்றிக் கையில் எடுத்தேன். அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. நடுவில் ஒரு கறிவேப்பிலை அகப்பட்டுக் கிடந்தது. ஐஸ் கிடக்கு, வந்து பார் என்று மனைவிக்குச் சத்தம் போட்டு, அதைப் படியில் வைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்தேன்.

இந்தக் கவிழ்க்கிற பழக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக வழக்கு நடக்கிறது. வெளியே கிடக்கிற வாளி, சட்டி, பேசின், பூச்சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு, எதையும் நிமிர்ந்து கிடக்க நான் விடமாட்டேன். கோடையிலும் விடமாட்டேன் என்பதுதான் மனைவியின் முறைப்பாடு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள்: "இவர் வாழ்க்கையிலை கவிட்டுக் கிழிச்சதெண்டால் இந்த வாளியளைத்தான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் அவர்களுடைய தேத்தண்ணி ஆறிப்போகும் என்பதால் சொல்வதில்லை. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐஸுக்கு வாசம் இல்லை என்பார்கள். இருக்கிறது. குளிர்ந்த இரும்பின் வாசம் அது. அது மூக்கில் ஏறினால் போதும், பெற்றோலும் நனைந்த நாயும் யூக்கலிப்டஸ் விறகுப் புகையும் கலந்து மணக்கிற ஒரு பலகைக் கொட்டில் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அந்தக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு ஏரி.

அங்கே நான் போய்ச் சேர்ந்ததே ஒரு கோணல் வழி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டவன் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். ஒரு கணக்குப் பாட நேரத்தில், ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வெளியே போனவன், இன்னும் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கொஞ்சக் காலம் கடல். கொழும்புத் துறைமுகத்தில் கொஞ்சக் காலம் மூட்டை. பிறகு கிரேக்கக் கொடி பறந்த ஒரு சரக்குக் கப்பல். எந்த இடத்திலும் ஏதாவது கோளாறு வந்தால் மறுநாள் நான் அங்கே இருக்கமாட்டேன். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். அதை ஒரு கெட்டித்தனம் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அந்தக் கப்பல் மெல்பேர்ணுக்கு வந்தது. கப்பல் சமையல்காரனோடு எனக்கு ஒரு சண்டை. அன்று மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். என்னுடைய கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுக்கிற ராசன், பருத்தித்துறைக்காரன், ஏணியடியில் நின்றான்.

"எங்கை போறாய்?"

"சும்மா நடந்துபோட்டு வாறன்."

"நடக்கிறதுக்கு என்னத்துக்குப் பை?" என்று கேட்டவன், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்த் தன்னுடைய பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஃபுட்ஸ்கிரேயில் ஒரு அறையில் ஆறு பேரோடு ஆறு மாதம் படுத்தோம். பீச் பழத்தைத் தகரத்தில் அடைக்கும் இடத்தில் வேலை. அந்தப் பழப்பாணியின் மணம் தலைமயிரை விட்டுப் போகாது. இன்றைக்கும் யாராவது பீச் பழம் வெட்டினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்த அறையில் இருந்த யூகோஸ்லாவியாக்காரன் ஒருவன்தான் சொன்னான், மலையில் ஒரு ஏரி இருக்கிறது, அங்கே வள்ளம் வாடகைக்கு விடுகிற ஒரு மனுசிக்கு இரண்டு ஆட்கள் வேண்டுமாம் என்று.

மெல்பேர்ணிலிருந்து அரை நாள் மேலே ஏறவேண்டும். மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய ஏரி. கோடையில் நகரத்து ஆட்கள் ட்ரவுட் மீன் பிடிக்க வருவார்கள். அந்த மனுசியின் பெயர் நோரா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். எட்டு மரவள்ளங்கள், மிதக்கிற ஒரு இறங்குதுறை, தேநீரும் சொசேஜ் ரோலும் விற்கிற ஒரு சின்னக் கடை, பிஸ்கற் என்று ஒரு நாய், லென் என்று ஒரு கணவர். லென் அதிகம் பேசமாட்டார். பேசத் தொடங்கினால் இருமல் வந்து மறித்துவிடும்.

நோரா தமிழ் பேசினவர் இல்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்னவற்றை ஐம்பது வருடமாக எனக்குள்ளே சொல்லிச் சொல்லி, இப்போது என் நினைவில் அவர் அச்சுவேலிப் பக்கத்து மனுசி போலத்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன். எங்களைக் கண்டதும் அவர் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

"வள்ளம் தெரியுமோ?" அவ்வளவுதான்.

"வள்ளத்துக்குள்ளைதான் பிறந்தனான்" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

நான் பிறந்தது காங்கேசன்துறை ஆஸ்பத்திரியில். ராசன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு வசனம் என்னை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது தெரியாது.

கோடை நன்றாகப் போனது. வள்ளங்களைத் தள்ளிவிடுவோம், சாயந்தரம் எண்ணிக் கட்டுவோம், பிடித்த மீனைக் கழுவிக் கொடுப்போம். ராசன் கடைக் குசினியில் ட்ரவுட் மீனுக்கு மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தான். நோரா ஒரு துண்டு தின்று, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்து, மறுநாளும் கேட்டார். அந்த நாட்களில் எங்களைப் போல ஒளித்திருந்தவர்கள் மனுப் போட்டால் நாட்டில் இருக்க விடுவார்கள் என்று ஒரு கதை அடிபட்டது. வேலை கொடுத்தவர் ஒரு கடிதம் தந்தால் பலன் உண்டாம். நோராவிடம் ராசன்தான் துணிந்து கேட்டான்.

"குளிருக்கு முதல் எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வையுங்கோ. வேலையைப் பாத்திட்டு எழுதித் தாறன்" என்றார் நோரா.

எங்களுக்கு அந்தக் கடிதம்தான் வேண்டியிருந்தது. அது கிடைத்தால் பகலில் தெருவில் நடக்கலாம். கிடைக்காவிட்டால் யாராவது ஒரு பொலிஸ்காரன் பெயர் கேட்கிற நாள்வரைக்கும்தான்.

ஈஸ்டர் முடிந்து, அந்த நாட்டுக் குளிர் தொடங்க, ஆட்கள் வருவது நின்றதும் வேலை தொடங்கியது. எனக்கும் ராசனுக்கும் அதுவரை ஐஸ் என்றால் ஐஸ்பழம், அல்லது மீன் பெட்டிக்குள் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வருகிற பாளம். ஏரி எப்படி ஐஸாகும் என்பது விளங்கவில்லை. முழு ஏரியும் இல்லை, எங்களுடைய குடா மட்டும் உறையும் என்று நோரா சொன்னார். துறையை ஏன் கழற்றவேண்டும் என்று கேட்டேன்.

"அணைக்காரர் தண்ணியைக் கூட்டிக் குறைப்பினம். ஐஸும் ஏறி இறங்கும். அது பிடிச்சதை விடாது, தன்னோடை கொண்டு திரியும். ஒரு வருசம் பஞ்சிப்பட்டுக் கழட்டாமல் விட்டனாங்கள். ஒக்டோபரிலை பாத்தால் அரைவாசித் துறை மரங்களுக்கை கிடக்குது, ரெண்டு பனை உயரத்துக்கு மேலை." பனை என்றா சொன்னார்? இருக்காது. ஆனால் என் நினைவில் பனைதான் நிற்கிறது.

அந்த இறங்குதுறை மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே ஆறு இரும்புப் பீப்பாக்கள் கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். துண்டுகளைக் கோத்திருந்த இரும்பு முளைகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. நெஞ்சுவரை வருகிற றப்பர்க் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ராசன் தண்ணீருக்குள் இறங்கி, சுத்தியலால் அடித்தான். ஒரு முளை திடீரென்று கழன்றதும் அவன் ஒரு அடி பின்னால் சரிந்தான். கால்சட்டைக்குள் தண்ணீர் குடம் நிரம்புவது போலச் சத்தத்தோடு நிரம்பியது.

"டேய், இழுத்து விடடா! ஏரி எனக்குள்ளை நிக்குது!"

கரையில் உருட்டுக்கட்டைகளைப் பரப்பி, பழைய ட்ராக்டரால் மூன்று துண்டுகளையும் மேலே இழுத்தோம். பலகைகளைக் கழுவி, காற்றுப் போக இடையில் சலாகை வைத்து அடுக்கினோம். சங்கிலிகளுக்குக் கிறீஸ் பூசினோம். வள்ளம் கட்டுகிற மிதவைகளைக் கழற்றி எடுத்துவிட்டு, அவற்றைப் பிடித்திருந்த கம்பிகளின் நுனியைக் கரையிலிருந்த மரங்களில் கட்டினோம். நாலாம் நாள் பார்த்தால் கரை மொட்டையாக இருந்தது. துறை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். பிஸ்கற் வழக்கம் போல ஓடிப்போய், துறை இருக்கும் என்ற நினைப்பில் பாய்ந்து, முழுக நனைந்துகொண்டு வந்தது.

அன்று பின்னேரம் லென்னுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. மறுநாள் காலை நோரா அவரை மெல்பேர்ண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகுமுன் மிச்ச வேலைகளை ஒரு தாளில் எழுதி, கொட்டில் கதவில் ஆணியடித்துக் குத்திவிட்டுப் போனார். எனக்கு ஆங்கில எழுத்து மெதுவாகத்தான் நடக்கும். ராசன் வாசித்தான். கடைக்குழாய்களைத் திறந்து வடியவிடவும், ஒரு துளி தண்ணீரும் நிற்கக்கூடாது. கக்கூஸ் தொட்டியை வெறுமையாக்கவும். வள்ளங்களின் இயந்திரங்களிலிருந்து தண்ணீரை வடித்து எண்ணெய் விடவும். பம்பைக் கழற்றி உள்ளே வைக்கவும். நாய்க்கு இரண்டு நேரம் சாப்பாடு. கடைசி வரி: வள்ளங்கள், வழக்கம் போல.

ஒரு துளி என்றால் ஒரு துளிதான் என்று நின்றான் ராசன். குழாய்களின் வாயில் வாய் வைத்து, கன்னம் பந்து போல வீங்க ஊதினான். மறு நுனியில் நான் கையை வைத்து, "இன்னும் ஈரமாக் கிடக்கு, ஊது" என்பேன். இயந்திரங்களைக் குலுக்கிக் குலுக்கி வடித்தோம். தேத்தண்ணிக் கேத்திலைக்கூடக் கவிழ்த்து வைத்தோம். பிறகு வள்ளங்களுக்கு வந்தோம்.

எட்டு வள்ளங்களையும் கொட்டிலுக்குள் கொண்டுவந்து நாலுகால் மரத் தாங்கிகளின் மேல் ஏற்றினோம். அந்தக் கொட்டிலின் பலகைகளுக்கு இடையில் விரல் போகும் நீக்கல். காற்று எந்நேரமும் ஊதிக்கொண்டிருக்கும்.

"வழக்கம் எண்டால் என்ன வழக்கம்?" என்று கேட்டான் ராசன்.

"வள்ளத்துக்கு உலகம் முழுக்க ஒரு வழக்கம்தான்" என்றேன் நான்.

மரவள்ளத்தைத் தண்ணீருக்கு வெளியே கனநாள் வைத்தால் பலகை காய்ந்து சுருங்கும். சுருங்கினால் பொருத்துகள் வாய் விடும். கடலில் இறக்கினவுடனே தண்ணீர் உள்ளே வரும். மயிலிட்டியில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வள்ளத்தைக் கரையில் ஏற்றி, உள்ளே தண்ணீர் வார்த்து, கிடுகு போட்டு மூடிவிடுவோம். பலகை ஊறிக்கொண்டு கிடக்கும். இதைக் கண்ணால் கண்டவன் நான், கையால் செய்தவன் நான்.

"கவிட்டு வைச்சால் என்ன?" என்றான் ராசன். "தூசியும் படாது."

"கவிட்டால் இந்தக் காத்துக்கு அப்பளமாக் காயும். ஒக்டோபரிலை வெள்ளைக்காரன் ஏறி இருந்த உடனை தண்ணிக்குள்ளை தாண்டுபோம். நீ வள்ளத்தைக் கரையிலை நிண்டு பாத்தனி. நான் அதுக்குள்ளை நிண்டனான்."

"நிண்டதே? அதுக்குள்ளைதானே பிறந்தனி" என்றான் ராசன்.

ஏரியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம். எட்டு வள்ளத்துக்கும் ஒரு முழ ஆழத்துக்குத் தண்ணீர். மேலே காய்ந்த இடங்களுக்கு நனைத்த சாக்கு. தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தபோது, அந்தத் தாளில் உள்ள வேலைகளில் எனக்குத் தெரிந்து, ஒருவரும் சொல்லித்தராமல் செய்த ஒரே வேலை இதுதான் என்று ஒரு பெருமை வந்தது. கடிதம் என் சட்டைப்பையில் இருப்பது போலவே இருந்தது.

நோரா போன ஐந்தாம் நாள் காலை எழும்பினபோது ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது: கரையில் தண்ணீர் அடிக்கிற சத்தம் இல்லை. வெளியே வந்தால் வானம் கழுவிவிட்டது போல நீலம். குடா வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. ராசன் ஒரு கல்லை எறிந்தான். கல் சறுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் குழந்தைகளைப் போலச் சிரித்தோம். அப்போது கொட்டிலுக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. காய்ந்த விறகு முறிவது போல.

நான் ஓடவில்லை. ராசன்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தான். எட்டு வள்ளங்கள். எட்டிலும் தண்ணீர் கல்லாகி, நடுவில் வயிறு போல மேலே புடைத்து நின்றது. பலகைகளைப் பிடித்திருந்த செப்பாணிகள் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வள்ளத்தின் அடிப்பலகை நீளத்துக்குப் பிளந்தது.

ராசன் ஐஸை விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மச்சான், நாங்கள் ஐஸிலை எட்டு வள்ளம் செய்திருக்கிறம்."

குழாயில் ஒரு துளி நிற்கக்கூடாது என்று வாயால் ஊதி எடுத்த அதே ஆட்கள், வள்ளங்களை வாளி வாளியாக நிரப்பியிருந்தோம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பு உண்டு என்று இருவருக்கும் படவில்லை. குழாய் வெள்ளைக்காரனுடைய சாமான், அதற்கு அவன் சொன்னபடி. வள்ளம் என்னுடைய சாமான். அப்படித்தான் என் புத்தி பிரித்து வைத்திருந்தது.

மத்தியானம் வெயில் ஏறி ஐஸ் கொஞ்சம் விட்டுக் கொடுத்ததும் உடைத்து அள்ளிக் கொட்டினோம். ஐந்து வள்ளங்கள் வெடித்திருந்தன. மூன்று தப்பியிருந்தன. மறுநாள் தபால் லொறி வருகிற நாள். ராசன் பையைக் கட்டத் தொடங்கினான்.

"இவ வந்து பாத்தால் பொலிஸ். பொலிஸ் எண்டால் திரும்ப ஊருக்குக் கப்பல். கடிதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெளிக்கிடு."

அதுதானே என் வழக்கமும். என் பையையும் கட்டினேன். காலையில் இருவரும் தெருவுக்கு வந்து நின்றோம். பிஸ்கற் பின்னால் வந்து, எங்கள் இரண்டு பைகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. லொறி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது.

"இதுக்கு ஆர் சாப்பாடு போடுறது?" என்று கேட்டேன்.

"நாய்க்காக மறியல்வீட்டுக்குப் போகப்போறியே? உனக்கென்ன விசரே?"

"அவ வருமட்டும் போட்டிட்டு வாறன்."

அதைப் பெரிய நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொரு அறை, இன்னொரு தொழிற்சாலை, இன்னொரு ஒளிப்பு. நாய் ஒரு சாட்டு. ராசன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தன்னுடைய நல்ல கம்பளிக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டான். "எனக்குச் சிட்னியிலை வெய்யில். இஞ்சை நீதான் விறைச்சுச் சாகப்போறாய்" என்றான். லொறியில் ஏறிவிட்டான்.

பத்து நாள் தனியே இருந்தேன். சொல்லவேண்டிய வசனத்தை ஆங்கிலத்தில் கட்டி, பிஸ்கற்றுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். நான் வள்ளங்களுக்குள் தண்ணீர் வார்த்தேன். யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்றெல்லாம் நீட்டக்கூடாது. நீட்டினால் ராசன் மேல் போய் விழும். அந்த ஒரு வசனம் போதும். பிஸ்கற் ஒவ்வொரு முறையும் வாலை ஆட்டியது.

நோரா வந்தபோது தனியாக வந்தார். கார்க் கதவைச் சாத்துவதற்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நேரே கொட்டிலுக்கு நடந்தார். ஒவ்வொரு வள்ளமாகப் போய், வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து சிகரெட் பற்றவைத்தார்.

"எத்தினை?"

"அஞ்சு."

"மற்றவன் எங்கை?"

"போட்டான்."

"நீ ஏன் போகேல்லை?"

"நாய்க்குச் சாப்பாடு போடவேணும். தாளிலை எழுதிக் கிடந்தது."

அவர் சிரித்தாரா, புகை புரைக்கேறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோள் குலுங்கியது. தண்ணீர் ஏன் வார்த்தாய் என்று கேட்டார். பலகை காய்வதைப் பற்றி, பொருத்து வாய் விடுவதைப் பற்றி, தெரிந்த சொற்களாலும் மிச்சத்தைக் கையாலும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். சிகரெட்டை அணைத்தார்.

"வேலை சரி" என்றார். "மாசம்தான் பிழை."

பிறகு எழும்பி, தப்பியிருந்த மூன்று வள்ளங்களில் ஒன்றின் விளிம்பைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடி என்று தலையால் காட்டினார். இரண்டு பேருமாக அதைக் கவிழ்த்து வைத்தோம்.

லென் இனி மலைக்கு ஏறவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அடுத்த கிழமைதான் தெரியவந்தது. தங்கை வீட்டில் அவரை விட்டுவிட்டு, அந்தச் செய்தியோடு அரை நாள் காரோட்டிக்கொண்டு வந்தவர், என் ஐஸைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் வள்ளங்களைக் கவிழ்த்து வைத்தது லென்தான். அதனால்தான் அந்த வரியை விளக்கி எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலுக்குள் இருந்தோம். நடுவில் ஒரு விறகு அடுப்பு. அவர் மர ஆலையிலிருந்து பலகை கொண்டுவந்தார். வெளியில் நின்று அவர் செப்பாணியை அடிக்க, உள்ளே குந்தியிருந்து நான் இரும்புக் கட்டியால் அதன் நுனியைத் தாங்கிக்கொள்வேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு பலகைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்து கதைப்போம். அவர் லென்னைப் பற்றிச் சொல்வார். நான் மயிலிட்டியைப் பற்றிச் சொல்வேன். என்னுடைய ஆங்கிலம் அந்தப் பலகைகளுக்கு ஊடாக வந்ததுதான். வாத்தியாரிடம் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு ஆணியைக் கோணலாக அடித்தார்.

கடிதத்தை நான் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. ஒரு நாள் அவரே கொண்டுவந்து தந்தார். அதில் இருந்தது நாலே வரி. அதில் ஒரு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: இந்த மனிதர் இல்லாமல் என்னுடைய ஐந்து வள்ளங்களையும் திருத்த முடியாது. அந்த ஐந்தையும் உடைத்தது யார் என்பதை அவர் எழுதவில்லை. மெல்பேர்ணில் ஒரு அதிகாரி அதை வாசித்துவிட்டு, "வள்ளங்கள் எப்படி உடைந்தன?" என்று கேட்டார். "ஐஸ்" என்றேன். பொய் இல்லையே. அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார். காலம் எடுத்தது, ஆனால் விட்டார்கள்.

ஒக்டோபரில் ஐஸ் விட்டு, துறையைத் திரும்பக் கோத்த பிறகு, நோரா என் கையில் ஒரு வாளியைத் தந்தார்.

"இப்ப வார்" என்றார்.

எட்டு வள்ளங்களையும் நிமிர்த்தி, எட்டுக்கும் தண்ணீர் வார்த்தேன். முதல் நாள் பொருத்துகளால் ஒழுகியது. மூன்றாம் நாள் ஒழுக்கு நின்றது. பலகைகள் ஊறி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நான் திருத்தின ஐந்தும் சேர்த்துத்தான். நோராவுக்கு நன்றி சொல்லப் போனேன். அவருக்கு அது பிடிக்காது. "அங்காலை நிக்கிற வள்ளத்தைப் பார்" என்று அனுப்பிவிட்டார்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். பிறகு வழக்கம் போலக் கால் நிற்கவில்லை. ஆனால் இந்த முறை வள்ளங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவருக்கு முன்னால் நின்று "போட்டு வாறன்" என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் சொல்லிக்கொண்டு போன முதல் இடம் அது. ராசனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

ராசனைத் திரும்பக் காண எத்தனையோ வருடம் எடுத்தது. ஒரு கலியாணத்துக்காகச் சிட்னிக்குப் போய், மெரிலேண்ட்ஸில் மனைவியின் தமக்கை வீட்டில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்ற வழுக்கைத்தலை ஒன்று, தோசைத் தட்டோடு திரும்பி என்னைப் பார்த்தது.

"கோட்டைக் கொண்டந்தனியே?" என்றது.

கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு மரத்தடியில் நின்று கதைத்தோம். மனைவி, பிள்ளைகள், வேலை எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவன் தட்டைக் காரின் மேல் வைத்தான். குரல் மாறியது.

"நாய்?"

"நல்லா இருந்தது. கிழவனாகித்தான் செத்தது."

"எத்தினையைத் திருத்தினியள்?"

"அஞ்சையும்."

அவன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "டேய், அந்த மனுசி என்ன சொன்னவ? நானும் எத்தினையோ நாள் யோசிச்சுப் பாத்தனான். என்ன சொல்லியிருப்பா எண்டு. தண்ணி வார்த்தது நானும்தானே. நீ தனிய நிண்டு பேச்சு வாங்கியிருப்பாய் எண்டு நினைச்சால் சோறு இறங்காது."

"வேலை சரியாம்" என்றேன். "மாசம்தான் பிழையாம்."

அவன் முதலில் நம்பவில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். சொன்னேன். ராசன் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து, பிறகு வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தான். "அவ்வளவுதானே?" என்றான். "அவ்வளவும்தானே சொன்னவ?" பிறகு தட்டை எடுத்து, ஆறிப்போன தோசையைப் பாதி பிய்த்து என்னிடம் தந்தான். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு ஒக்டோபரிலும் தொலைபேசி எடுப்பான். "தண்ணி வார்த்தாச்சோ?" என்று கேட்பான். அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் பேசமாட்டான்.

போன ஒக்டோபரில் அந்த அழைப்பு வரவில்லை. அதற்கு முந்தின மாதம் ராசன் போய்விட்டான். நோரா போய் முப்பது வருடத்துக்கு மேல். ஏரியை ஒருமுறை மனைவியோடு போய்ப் பார்த்தேன். கொட்டில் இல்லை. துறை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டிகளைக் கோத்து மிதக்க விட்டிருக்கிறார்கள். வள்ளங்களும் பிளாஸ்டிக். தண்ணீர் வார்க்கவும் வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். குடா இப்போதெல்லாம் ஒழுங்காக உறைவதில்லை என்று கடையில் நின்ற பெடியன் சொன்னான். முந்தி உறையுமா என்று என்னிடமே கேட்டான். உறையும் என்றேன். அதற்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டு வளவில் நின்றிருக்கிறேன். மனைவி குசினி வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஐஸ் கிடக்கெண்டு சத்தம் போட்டியள், எங்கை?"

படியைக் காட்டினேன். வெயில் வந்திருந்தது. படியில் கொஞ்சம் ஈரம், அதன் நடுவில் ஒரு கறிவேப்பிலை. மனைவி அதையும் பார்த்தாள், கவிழ்த்து வைத்த வாளியையும் பார்த்தாள், கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.